கார்கோ, கோ, பிப், கபால், ஸ்டேக்: நிறுவல் தடைபடும்போது அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

முனையத்தில் இயங்கும் ஒரு சிறு நிரலை மூலநிரலிலிருந்து நிறுவ, ரஸ்ட் மொழிக்குக் கார்கோவும், கோ மொழிக்கு அதன் பெயரிலேயே அமைந்த கட்டளையும், பைத்தானுக்குப் பிப், பிப்எக்ஸ், யூவி ஆகியவையும், ஹாஸ்கலுக்குக் கபாலும் ஸ்டேக்கும், நோடுக்கு என்பிஎம், யார்ன், பிஎன்பிஎம் ஆகியவையும் இருக்கின்றன. எந்த நிரலின் அறிமுகப் பக்கத்தைத் திறந்தாலும் நிறுவுவதற்கு ஒற்றை வரிதான் கொடுத்திருப்பார்கள். அந்த வரி அதை எழுதியவரின் கணினியில் பிசகாமல் வேலை செய்யும், ஏனெனில் கம்பைலர் (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றுவது), சி மொழி நிரலகங்கள், பாத் மாறி (கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியல்) ஆகிய அனைத்தும் அங்கே பல ஆண்டுகளாகச் செட்டாகியிருக்கும். இந்தக் கருவிகள் தத்தம் மொழியின் பொதிகளை (பகிர்வதற்காகக் கட்டி வைத்த நிரல்களையும் நிரலகங்களையும்) திறமையாகக் கொண்டுவந்துவிடுகின்றன. அதற்கு அடியில் இயங்குதளம் தர வேண்டியதை அவற்றுள் எதுவும் கொண்டுவருவதில்லை. பெரும்பாலான பிழைகள் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் எழுகின்றன.

கட்டளைகளையும் பிழைச்செய்திகளையும் இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்தவும். எடுத்துக்காட்டுகள் டெபியன், உபுண்டு கணினிகளுக்கானவை. ஃபெடோராவில் பெயர் மாறுமிடத்தில் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், திரையின் கடைசி வரியை மட்டும் நகலெடுத்துத் தேடும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். கார்கோ ஒரே நேரத்தில் பல பொதிகளைத் தொகுப்பதால், ஒன்று தோற்றதும் «பில்டு ஃபெயில்டு, வெயிட்டிங் ஃபார் அதர் ஜாப்ஸ்» என்று அறிவித்துவிட்டு, ஏற்கெனவே தொடங்கிய மற்ற வேலைகளை முடிக்கும். அதற்குள் உண்மையான காரணம் திரையின் மேற்புறம் ஏறி மறைந்திருக்கும். வெளியீடு முழுவதையும் «டீ» கட்டளையின் வழியே ஒரு கோப்பில் சேமித்து, «எரர்» என்ற சொல் முதன்முதலாக வரும் இடத்திலிருந்து படியுங்கள்.

அறிகுறி: நிறுவல் வெற்றி என்கிறது, ஆனால் «கமாண்ட் நாட் ஃபவுண்ட்» என்று வருகிறது

நிரல் நிறுவப்பட்டுவிட்டது; அது வைக்கப்பட்ட கோப்புறையில் ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) தேடவில்லை, அவ்வளவுதான். கார்கோ தன் நிரல்களை முகப்புக் கோப்புறையின் «.கார்கோ/பின்» என்ற இடத்திலும், கோ «கோ/பின்» என்ற இடத்திலும், பிப்எக்ஸும் யூவியும் ஸ்டேக்கும் «.லோக்கல்/பின்» என்ற இடத்திலும் வைக்கின்றன. கபால் முன்பு «.கபால்/பின்» என்ற தனியிடத்தைப் பயன்படுத்தியது, 3.10 பதிப்பிலிருந்து, அந்தப் பழைய கோப்புறை ஏற்கெனவே இல்லாத கணினிகளில், அதுவும் «.லோக்கல்/பின்» இடத்திற்கு வந்துவிட்டது. என்பிஎம் எங்கே வைக்கிறது என்பதை «என்பிஎம் ப்ரீஃபிக்ஸ் -ஜி» என்று கேட்டால் சொல்லும். அது காட்டும் கோப்புறையின் உள்ளே இருக்கும் «பின்» தான் நமக்கு வேண்டியது.

கார்கோ இந்த விஷயத்தில் நாகரிகமாக நடந்துகொள்கிறது. பாத்தில் இல்லையென்றால், நிறுவி முடித்ததும் இன்ன கோப்புறையைச் சேர்க்கவும் என்று எச்சரிக்கிறது. கோ எதையும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது, எனவே புதியவர் அது நிறுவியதா இல்லையா என்றே தெரியாமல் திகைப்பார்.

டெபியனிலும் உபுண்டுவிலும் இன்னொரு நுணுக்கம் உண்டு. அவற்றின் «.ப்ரொஃபைல்» கோப்பு, «.லோக்கல்/பின்» கோப்புறை அப்போது இருந்தால் மட்டுமே அதைப் பாத்தில் சேர்க்கும், அந்தச் சோதனையும் நீங்கள் உள்நுழையும் நேரத்தில் ஒரு முறைதான் நடக்கும். முதல் நிரலை நிறுவும்போதுதான் அந்தக் கோப்புறையே உருவாகிறது என்பதால், எல்லாம் சரியாக இருந்தும் கட்டளை கிடைக்காது. வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் போதும். எந்தக் கோப்பையும் திருத்தத் தேவையில்லை.

பாத் சரியாக இருந்தும் கிடைக்கவில்லையென்றால், பெயரையே சந்தேகியுங்கள். ரிப்கிரெப் என்ற பொதி தரும் கட்டளையின் பெயர் «ஆர்ஜி». «எஃப்டி-ஃபைண்ட்» என்ற பொதியைக் கார்கோ வழியாக நிறுவினால் கட்டளை «எஃப்டி». அதையே டெபியனின் பொதி நிறுவியான ஏபிடி வழியாக நிறுவினால் «எஃப்டிஃபைண்ட்», ஏனெனில் அந்தச் சிறிய பெயரை டெபியனில் வேறொரு பொதி முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. «பேட்» என்ற நிரலும் அங்கே இதே காரணத்தால் «பேட்கேட்» ஆகிவிடுகிறது.

இதற்கு நெருங்கிய வேறோர் அறிகுறி, «இந்தப் பொதியில் இயக்கக்கூடிய நிரல் எதுவும் இல்லை» என்ற பொருளில் கருவியே மறுப்பது. நீங்கள் கேட்டது நிரலகம், நிரல் அன்று என்பதே அதன் பொருள். ஆவண வடிவங்களை மாற்றும் பேன்டாக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 2023 ஜனவரியில் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து «பேன்டாக்» என்பது நிரலகத்தின் பெயராக மட்டும் நின்றுவிட்டது; நிரல் வேண்டுமென்றால் «பேன்டாக்-சிஎல்ஐ» என்று கேட்க வேண்டும். பழைய குறிப்புகளை வைத்து நிறுவுபவர்கள் இங்கே தவறாமல் இடறுகிறார்கள்.

அறிகுறி: பிப் «எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்» என்று மறுக்கிறது

டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகிய இரண்டும் 2023-இல் வெளிவந்தபோது இந்தச் செய்தியும் கூடவே வந்தது. பெப் 668 என்ற முன்மொழிவின்படி, பைத்தானின் அடிப்படை நிரலகக் கோப்புறையில் ஒரு சிறிய உரைக்கோப்பு வைக்கப்படுகிறது. அதைப் பார்த்ததும் பிப், இந்தப் பைத்தான் இயங்குதளத்தின் பொறுப்பில் இருக்கிறது என்று ஒதுங்கிக்கொள்கிறது. இயங்குதளத்தின் பல உட்கருவிகள் அதே பைத்தானைத்தான் நம்பியிருக்கின்றன. அவற்றின் காலடியில் ஒரு பொதியின் பதிப்பைப் பிப் மாற்றிவிட்டால், தொடர்பே இல்லாத ஏதோ ஒன்று மறுநாள் உடையும்.

«--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்» என்ற தெரிவைச் சேர்த்தால் பிப் கீழ்ப்படியும். அதன் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் சொந்தக் கணினியில் அதை எந்தக் காரணத்திற்காகவும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டியெறியப்படும் கன்டெய்னருக்குள் (தனித்து இயங்கும் தற்காலிகச் சூழலுக்குள்) என்றால் அது வேறு கதை. அந்த உரைக்கோப்பையே அழித்துவிடுங்கள் என்று சொல்லும் அறிவுரை அதைவிட மோசமானது, ஏனெனில் இன்று நீங்கள் அறிந்து செய்யும் மீறலை அது நாளை அறியாமல் நடக்கும்படி செய்துவிடுகிறது.

உங்களுக்கு வேண்டியது ஒரு நிரல் மட்டும் என்றால், ஏபிடி வழியாகப் பிப்எக்ஸை நிறுவி, «பிப்எக்ஸ் இன்ஸ்டால்» என்று பொதியின் பெயரைக் கொடுங்கள். அது ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி மெய்நிகர் சூழலை (மற்றவற்றோடு கலக்காத பொதிக் கோப்புறையை) அமைத்து, கட்டளையை மட்டும் வெளியே காட்டும். 2024 பிப்ரவரியில் வெளிவந்த யூவியின் «யூவி டூல் இன்ஸ்டால்» இதையே வெகு விரைவாகச் செய்கிறது. பொருத்தமான பைத்தான் இல்லையென்றால் அதையும் தானே இறக்கிக்கொள்ளும். ஒரு திட்டத்தில் வேலை செய்கிறீர்கள், நிரலகங்களும் வேண்டும் என்றால் மெய்நிகர் சூழலை நீங்களே அமைப்பதே முறை. அப்போது «என்ஷ்யூர்பிப் இல்லை» என்ற பிழை வந்தால் «பைத்தான்3-வென்வ்» என்ற பொதியை ஏபிடி வழியாகச் சேர்க்க வேண்டும். டெபியன் அதைத் தனியே பிரித்து வைத்திருக்கிறது.

சில மாதம் நன்றாக ஓடிய பிப்எக்ஸ் நிரல், இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள் «மாட்யூல் நாட் ஃபவுண்ட்» என்று நின்றால் பதற வேண்டாம். மெய்நிகர் சூழலுக்குள் இருக்கும் பைத்தான் உண்மையில் இயங்குதளப் பைத்தானைச் சுட்டும் இணைப்பு, அது 3.10-லிருந்து 3.12-க்குத் தாவியதும், பொதிகள் கிடக்கும் பழைய எண்ணுள்ள கோப்புறையை அது எட்டிப் பார்ப்பதில்லை. «பிப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல்» என்ற ஒரே கட்டளை எல்லாவற்றையும் புதிதாக அமைத்துவிடும்.

அறிகுறி: நெடுநேரம் தொகுத்த பிறகு லிங்க்கர் பிழை, அல்லது ஒரு தலைப்புக்கோப்பைக் காணவில்லை என்ற பிழை

இந்த வகைப் பிழைதான் அதிகம் பேரை விரட்டியடிக்கிறது, ஆனால் தீர்ப்பதற்கு எளிதானதும் இதுதான். எந்த மொழியின் கருவியாக இருந்தாலும் சொல்லும் செய்தி ஒன்றே: எனக்குக் கீழே ஒரு சி நிரலகம் வேண்டும், அது இங்கே இல்லை.

ரஸ்ட் நிறுவியவுடன் முதல் முயற்சியிலேயே «லிங்க்கர் சிசி நாட் ஃபவுண்ட்» என்று வந்தால், கணினியில் சி கம்பைலரே இல்லை என்று பொருள். ரஸ்டுக்குச் சொந்தக் கம்பைலர் இருந்தாலும், கடைசியில் துண்டுகளை ஒட்டுவதற்கு அது இயங்குதளத்தின் லிங்க்கரைத்தான் அழைக்கிறது. «பில்டு-எசென்ஷியல்» பொதியை நிறுவுங்கள். ஃபெடோராவில் «ஜிசிசி» போதும்.

அடுத்து வருவது ஓபன்எஸ்எஸ்எல். ஒரு மாலை, வாடகைக்கு எடுத்த சிறு சேவையகம் ஒன்றில் ஒரு ரஸ்ட் நிரலை நிறுவும்போது, இருநூறுக்கும் மேற்பட்ட பொதிகள் தொகுக்கப்பட்ட பின் «ஓபன்எஸ்எஸ்எல்-சிஸ்» என்ற பொதியில் நின்றது. செய்தி ஒரு திரை நீளம் இருந்ததால் அதைப் படிக்காமல் ரஸ்டையே இருமுறை அழித்து நிறுவினேன். மூன்றாம் முறை நிதானமாகப் படித்தபோதுதான், உபுண்டுவில் «லிப்எஸ்எஸ்எல்-டெவ்», ஃபெடோராவில் «ஓபன்எஸ்எஸ்எல்-டெவெல்» என்று தீர்வையே அந்தச் செய்தி எழுதி வைத்திருந்தது தெரிந்தது. அத்துடன் «பிகேஜி-கான்ஃபிக்» என்ற பொதியும் வேண்டும், ஏனெனில் நிரலகம் எங்கே இருக்கிறது என்று கார்கோ விசாரிப்பது அதனிடம்தான். ஓபன்எஸ்எஸ்எல் கணினியில் ஏற்கெனவே இருக்கிறதே என்று பலர் வாதிடுவார்கள். இயக்குவதற்கான கோப்பு இருக்கும், தொகுப்பதற்கான தலைப்புக்கோப்புகள் «டெவ்» என்று முடியும் பொதியில்தான் வரும்.

பைத்தானில் இதே நோய் «பைத்தான்.எச்: நோ சச் ஃபைல்» என்ற வடிவில் வரும்; மருந்து «பைத்தான்3-டெவ்», ஃபெடோராவில் «பைத்தான்3-டெவெல்». ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிப் ஏன் தொகுக்க முனைந்தது? முன்கூட்டியே தொகுக்கப்பட்ட வீல் கோப்பு உங்கள் பைத்தான் பதிப்புக்கோ இயங்குதளத்துக்கோ இல்லாததால்தான். வெளிவந்து சில வாரங்களே ஆன பைத்தான் பதிப்பில் இது வழக்கமாக நிகழும். ஒரு பதிப்பு முந்தைய பைத்தானுக்கு மாறினால், தொகுக்கும் வேலையே இல்லாமல் போய்விடும்.

ஹாஸ்கலில் «-எல்ஜிஎம்பி கிடைக்கவில்லை» என்று லிங்க்கர் சொன்னால் «லிப்ஜிஎம்பி-டெவ்». «மிஸ்ஸிங் ஆர் பேட் சி லைப்ரரி» என்று சொல்லி அருகே இசட் என்ற ஒற்றை எழுத்து இருந்தால் «இசட்லிப்1ஜி-டெவ்». கபாலுக்கும் ஸ்டேக்குக்கும் இதில் வேறுபாடு கிடையாது, ஒன்றில் தோற்றால் மற்றொன்றிலும் தோற்கும். எனவே இந்தப் பிழையைக் கண்டு கருவியை மாற்றுவது வீண்வேலை.

கோ மொழியில் சி கலப்பு மிகக் குறைவு, அதனால்தான் நிறுவும் அனுபவத்தில் அதுவே எல்லாவற்றிலும் இலகுவானது என்பது என் கருத்து. ஆனால் கலப்பு இருக்கும் இடத்தில் அது வஞ்சகமாக நடந்துகொள்ளும். 2023-இல் வந்த 1.20 பதிப்பிலிருந்து, சி கம்பைலர் இல்லையென்றால் கோ தன் சி இணைப்பு வசதியைத் தானாக அணைத்துவிடுகிறது. எஸ்கியூலைட்டைச் சி வழியாகப் பயன்படுத்தும் நிரல் அப்போது சத்தமின்றித் தொகுக்கப்பட்டுவிடும்; பிறகு தரவுத்தளத்தைத் திறக்கும்போதுதான் «சிகோ_எனேபிள்டு=0 என்ற நிலையில் தொகுக்கப்பட்டது» என்று குறை சொல்லும். ஜிசிசியை நிறுவி, அதே நிரலை மீண்டும் தொகுக்க வேண்டும்.

அறிகுறி: «இந்தப் பொதிக்குப் புதிய கம்பைலர் வேண்டும்» அல்லது நேற்றுவரை தொகுக்கப்பட்டது இன்று தொகுக்கப்படவில்லை

ரஸ்ட் ஆறு வாரத்திற்கு ஒரு முறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. டெபியன் 12 தரும் ரஸ்ட் 1.63, அது 2022 ஆகஸ்டைச் சேர்ந்தது. எனவே «எடிஷன்2024 வேண்டும்» என்ற பிழை வந்தால், 2025 பிப்ரவரியில் வந்த 1.85 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உங்களிடம் இல்லை என்று கொள்ளலாம். ஏபிடி தந்த ரஸ்டை நீக்கிவிட்டு ரஸ்டின் சொந்த நிறுவியான ரஸ்டப் வழியாக நிறுவுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டால் எது இயங்குகிறது என்ற குழப்பம் கூடுதலாகச் சேரும்.

«கார்கோ இன்ஸ்டால்» கட்டளை, நிரலாசிரியர் சோதித்துப் பூட்டி வைத்த பதிப்புப் பட்டியலை இயல்பாகப் புறக்கணித்துவிட்டு, இன்று கிடைக்கும் புதிய சார்புகளை (அந்த நிரல் நம்பியிருக்கும் பொதிகளை) எடுக்கிறது. நேற்று இரவு யாரோ வெளியிட்ட புதிய பொதியால் உங்கள் நிறுவல் உடைய இதுவே காரணம். «--லாக்டு» என்ற தெரிவைச் சேர்த்தால் பூட்டிய பட்டியலையே பயன்படுத்தும். இதையே எப்போதும் செய்யுங்கள் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2024 ஜூலையில் ரஸ்ட் 1.80 வந்தபோது, மிகப் பரவலாகப் பயன்படும் «டைம்» என்ற பொதியின் 0.3.35-க்கு முந்தைய பதிப்புகள் «டைப் அனோட்டேஷன்ஸ் நீடட்» என்ற பிழையுடன் தொகுக்க மறுத்தன. பழைய பதிப்பைப் பூட்டி வைத்திருந்த நிரல்கள் அத்தனையும் «--லாக்டு» போட்டால் உடைந்தன, போடாவிட்டால் நிறுவப்பட்டன. ஆகவே ஒரு வழி தோற்றால் மற்றதை முயலுங்கள். பிழை பழைய சார்பிலிருந்து வருகிறதா புதிய சார்பிலிருந்து வருகிறதா என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

கோவில் இதன் எளிய வடிவம் «கோ கெட்» பற்றியது. பழைய குறிப்புகள் அதைக் கொண்டு நிறுவச் சொல்லும். 2022 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பிலிருந்து அது நிரல்களைத் தொகுத்து நிறுவுவதில்லை. «கோ இன்ஸ்டால்» என்று எழுதி, முகவரியின் இறுதியில் @ குறியும் «லேட்டஸ்ட்» என்ற சொல்லும் சேர்க்கவும்.

அறிகுறி: கபால் «குட் நாட் ரிசால்வ் டிபென்டென்சிஸ்» என்கிறது, ஸ்டேக்கில் அதே நிரல் நிறுவப்படுகிறது

கபால், பொதிகள் அறிவித்த பதிப்பு வரம்புகளை வைத்துக்கொண்டு பொருந்தும் கூட்டணி ஒன்றைத் தானே கணக்கிடுகிறது. 2015-இல் வந்த ஸ்டேக், ஒன்றாகத் தொகுக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட ஸ்டேக்கேஜ் தொகுதியை அப்படியே எடுத்துக்கொள்கிறது. முதலாவது சமையற்கட்டில் இருப்பதை வைத்துச் சமைப்பது, இரண்டாவது படைத்து வைத்த இலையில் உட்காருவது. கபாலின் நீண்ட புலம்பலில் «ரிஜெக்டிங்: பேஸ்» என்ற சொற்களைத் தேடுங்கள், இருந்தால் சிக்கல் ஹாஸ்கலின் ஜிஎச்சி கம்பைலரின் பதிப்பில்தான், ஏனெனில் «பேஸ்» நிரலகம் கம்பைலரோடு ஒட்டி வருவது. ஜிஎச்சிஅப் கருவியின் மூலம் நிரலாசிரியர் சோதித்திருக்கும் ஜிஎச்சி பதிப்புக்கு மாறினால் கணக்கு சரியாகிவிடும். அதற்கும் முன்னால் «கபால் அப்டேட்» செய்தீர்களா என்று பாருங்கள். பட்டியல் பழையதாக இருந்தால் பொதியே இல்லை என்றுகூடச் சொல்லும்.

ஸ்டேக் தடங்கலின்றி நிறுவுவதற்கு ஒரு விலை உண்டு: தொகுதி கேட்கும் ஜிஎச்சியைத் தானே இறக்கிக்கொள்ளும், அப்படி ஒவ்வொரு ஜிஎச்சியும் ஜிகாபைட் கணக்கில் வட்டில் இடம் பிடிக்கும். இரு கருவிகளும் «.லோக்கல்/பின்» இடத்தில் நிரலை வைப்பதால், ஸ்டேக் வைத்ததன் மேல் கபால் எழுத மறுக்கவும் செய்யும்; «--ஓவர்ரைட்-பாலிசி=ஆல்வேஸ்» என்று சொன்னால் எழுதும். மேலும், ஸ்டேக் நிரலின் நகலை அங்கே வைக்கிறது, லினக்ஸில் கபால் தன் கிடங்கைச் சுட்டும் இணைப்பை மட்டும் வைக்கிறது. வட்டில் இடம் வேண்டி அந்தக் கிடங்கை அழித்தவர்களுக்குக் கபால் நிறுவிய நிரல்கள் எல்லாம் ஒரே நாளில் மாயமாவதன் காரணம் அதுதான்.

அறிகுறி: «சிக்கில்» என்று தொகுப்பு நின்றுவிடுகிறது, அல்லது வட்டில் இடம் இருந்தும் «நோ ஸ்பேஸ் லெஃப்ட்» என்கிறது

சிக்னல் 9 என்றாலோ «கில்டு» என்று மட்டும் எழுதியிருந்தாலோ, நினைவகம் போதாமல் லினக்ஸ் கருவே (கெர்னல்) கம்பைலரைக் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். கருவின் பதிவுகளைக் காட்டும் «டிமெசெஜ்» வெளியீட்டின் இறுதியில் அந்தப் பதிவு இருக்கும். «-ஜே 1» என்று கொடுத்து ஒரே வேலையாகத் தொகுக்கச் சொல்லுங்கள், அதுவும் போதவில்லையென்றால் ஸ்வாப் இடம் (நினைவகமாகப் பயன்படும் வட்டுப் பகுதி) சேர்க்கவும். ஒரு ஜிகாபைட் நினைவகம் உள்ள சேவையகத்தில் பேன்டாக்கைத் தொகுக்க முனைவதைவிட, அதன் வெளியீட்டுப் பக்கத்தில் கிடைக்கும் ஆயத்தக் கோப்பை இறக்குவது அறிவுடைமை.

இடமில்லை என்ற பிழைக்கு வட்டு இடத்தைக் காட்டும் «டிஎஃப்» கட்டளையில், தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையைத் தனியே பாருங்கள். «கார்கோ இன்ஸ்டால்» இடைக்கோப்புகளை டெம்ப்பில்தான் குவிக்கிறது. 2025-இல் வந்த டெபியன் 13-இன் புதிய நிறுவல்களில் டெம்ப் என்பது நினைவகத்தின் ஒரு பகுதி. «கார்கோ_டார்கெட்_டிர்» என்ற சூழல் மாறியை வட்டிலுள்ள ஒரு கோப்புறைக்குத் திருப்பினால் தீரும்.

அறிகுறி: என்பிஎம் «ஈஆக்சஸ்» என்று அனுமதி மறுக்கிறது

சூடோ (நிர்வாகி உரிமையுடன் இயக்கும் கட்டளை) சேர்க்காதீர்கள். அது இன்று வேலை செய்து, ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமான கோப்புகளை அங்கங்கே விட்டுச்சென்று, நாளை சாதாரண நிறுவலையும் தடுக்கும். «என்பிஎம் கான்ஃபிக் செட் ப்ரீஃபிக்ஸ்» என்று முகப்புக்குள் ஒரு கோப்புறையைக் கொடுத்து, அதன் «பின்»னைப் பாத்தில் சேர்த்தால் போதும்.

அறிகுறி: புதிய பதிப்பை நிறுவியும் பழையதே இயங்குகிறது

ஒரே நிரலை ஏபிடியும் கார்கோவும் பிப்எக்ஸும் ஒவ்வொரு காலத்தில் நிறுவியிருப்பார்கள். «டைப் -ஏ» என்று நிரலின் பெயரைக் கொடுங்கள். பாத்தில் உள்ள பிரதிகள் அனைத்தும் இயங்கும் வரிசையில் வரும். ஒரே பிரதிதான் இருக்கிறது, இருந்தும் பாஷ் ஷெல் பழைய இடத்தையே தேடுகிறது என்றால் «ஹாஷ் -ஆர்» அதன் நினைவை அழிக்கும்.

வேண்டாத பிரதியை எந்தக் கருவி வைத்ததோ அதைக் கொண்டே நீக்குங்கள்: «கார்கோ அன்இன்ஸ்டால்», «பிப்எக்ஸ் அன்இன்ஸ்டால்», «யூவி டூல் அன்இன்ஸ்டால்» என்று அவற்றுக்குக் கட்டளைகள் உண்டு, கார்கோ நிறுவியவற்றை «கார்கோ இன்ஸ்டால் --லிஸ்ட்» பட்டியலிடும். கோ, கபால், ஸ்டேக் மூன்றிலும் கோப்பையோ இணைப்பையோ கையால் அழிப்பதே நடைமுறை. அழிக்கும் முன், கோ தொகுத்ததாகச் சந்தேகப்படும் கோப்பின் மேல் «கோ வெர்ஷன் -எம்» இயக்கிப் பாருங்கள். எந்த முகவரியிலிருந்து, எந்தப் பதிப்பு தொகுக்கப்பட்டது என்ற விவரம் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும்.